வாக்கி-டாக்கி வாங்கப் போகிறீர்களா? பெட்டியில் உள்ள கிலோமீட்டரை விடுங்கள், மெகாஹெர்ட்ஸைப் பாருங்கள்

புதுடெல்லி: மலையேற்றத்துக்கும் நெடுந்தூர மோட்டார் சைக்கிள் பயணத்துக்கும் ஆயத்தமாகும் குழுக்களின் பொருள் பட்டியலில் கூடாரம், தலைவிளக்கு, மழையங்கி ஆகியவற்றுடன் வாக்கி-டாக்கியும் இடம்பெறத் தொடங்கியுள்ளது. காரணம் நியாயமானதே. இமயமலைச் சரிவுகளிலும் அடர்ந்த காட்டுப் பாதைகளிலும் கைப்பேசிக் கோபுரம் எட்டாது. முன்னால் செல்பவருக்கும் பின்தங்கியவருக்கும் இடையே அரை மணி நேர இடைவெளி விழுந்துவிட்டால், இருவரையும் இணைக்க வேறு வழியும் இல்லை. இணைய வணிகத் தளங்களில் தேடினால் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ஜோடி கிடைக்கிறது. இரண்டு நாள்களில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

ஆனால் இந்தியச் சட்டத்தின் பார்வையில் வாக்கி-டாக்கி என்பது டார்ச் விளக்கைப் போலப் பணம் கொடுத்தவுடன் நமக்குச் சொந்தமாகிவிடும் பொருள் அன்று. அது ஒரு வானலைக் கருவி. அதை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்பதுதான் 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலத்திலிருந்து தொடரும் பொது விதி. பயன்படுத்தினால்தான் குற்றம் என்றில்லை, கையில் இருப்பதே கேள்விக்கு உள்ளாகலாம். இந்தப் பொது விதிக்கு ஒரு குறுகலான விலக்கு உண்டு. அந்த விலக்கு எது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குபவருக்குச் சிக்கல் இல்லை. தெரியாமல் வாங்குபவர்கள்தான் அதிகம்.

2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணைய வணிகத் தளங்களுக்கு அறிவிப்பு அனுப்பியது. அலைவரிசை விவரம், உரிமம் தேவையா என்ற தகவல், அரசின் கருவி வகை ஒப்புதல் ஆகிய எதுவும் இன்றி வாக்கி-டாக்கிகள் விற்பனைக்குப் பட்டியலிடப்பட்டிருந்ததே இதற்குக் காரணம். அதே மாத இறுதியில், இத்தகைய கருவிகளின் இணைய விற்பனையை ஒழுங்குபடுத்தும் வழிகாட்டு நெறிமுறைகளையும் ஆணையம் வெளியிட்டது. கருவி இயங்கும் அலைவரிசையை விற்பனைப் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும், ஒப்புதல் பெறாத கருவியைப் பட்டியலிடக் கூடாது, உரிமம் குறித்து வாங்குபவரைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்பன அவற்றின் சாரம். விதிகள் எழுதப்பட்டுவிட்டன என்பதற்காக வாங்குபவர் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. பட்டியலில் எழுதியிருப்பதும் பெட்டிக்குள் வருவதும் ஒன்றுதானா எனப் பார்க்க வேண்டிய பொறுப்பு நடைமுறையில் அவரிடமே வந்து நிற்கிறது.

அலைவரிசை என்றால் எது?

இங்கே சொல் ஒன்று குழப்பம் தருகிறது. தமிழில் 'அலைவரிசை' என்பதைத் தொலைக்காட்சி சேனலுக்கும் பயன்படுத்துகிறோம், வானலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்ற அளவுக்கும் பயன்படுத்துகிறோம். பின்னதற்கு 'அதிர்வெண்' என்பதே பாடநூல் சொல். ஆங்கில அறிவிக்கைகளைத் தமிழாக்கும்போது எங்கள் மேசையிலும் இந்த இரு சொற்களும் மாறி மாறி வந்துவிடும். வாக்கி-டாக்கியைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு முக்கியமானது. '16 சேனல்கள்' என்று பெட்டியில் இருப்பது அதிர்வெண் அன்று. அந்த 16 சேனல்களும் எந்த அதிர்வெண்ணில் அமைந்துள்ளன என்பதே கேள்வி. அது மெகாஹெர்ட்ஸ் என்ற அலகில் எழுதப்பட்டிருக்கும்.

தேட வேண்டிய எண் 446. குறைந்த ஆற்றல் கொண்ட குறுகிய தூரக் கருவிகளுக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளித்து 2018-இல் வெளியிடப்பட்ட விதிகளின்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இயங்கும் வாக்கி-டாக்கிகளைப் பொதுமக்கள் தனி உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம். ஐரோப்பிய நாடுகளிலும் இதே பட்டைதான் பொதுமக்களுக்காக ஒதுக்கப்பட்டுள்ளது. எனினும் ஒரு நிபந்தனை உண்டு. உரிமம் தேவையில்லை என்றாலும் கருவியின் அந்த மாதிரிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு வழங்கும் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். சந்தையில் 'இடிஏ' என்ற மூன்றெழுத்தில் குறிப்பிடப்படுவது இதுவே. ஒப்புதலைப் பெறுவது தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் வேலை. அதற்கான சான்றிதழைக் கேட்டுப் பார்ப்பது வாங்குபவரின் வேலை.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் கருவிகளில்தான் தவறு எளிதில் நேர்கிறது. அமெரிக்காவில் குடும்பங்கள் பயன்படுத்தும் சிறு வாக்கி-டாக்கிகள் 462 மற்றும் 467 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குபவை. அங்கே எந்தப் பல்பொருள் அங்காடியிலும் சட்டப்படி வாங்கக்கூடிய அதே கருவி, இங்கே அந்த விலக்குப் பட்டைக்கு வெளியே நிற்கிறது. பொம்மை என்ற பெயரில் விற்கப்படுபவற்றுக்கும் இது பொருந்தும். கரடிப் படம் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒலிபரப்பிதான்.

இன்னொரு வகைக் கருவி இதைவிட விவகாரமானது. சீனத் தயாரிப்பான, விலை மலிவான, விசைப்பலகையும் சிறு திரையும் கொண்ட கைக்கருவிகள் அவை. 136 முதல் 174 வரையிலும் 400 முதல் 480 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேலும் எந்த அதிர்வெண்ணையும் விசையில் தட்டி அமைத்துக்கொள்ள அவை இடம் தருகின்றன. பொழுதுபோக்காளர்கள் அவற்றை விரும்புவது உண்மைதான். விலைக்கு ஏற்ற பொருள் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அந்தப் பரப்புக்குள் காவல்துறை, தீயணைப்பு, வனத்துறை போன்ற பல சேவைகளின் சேனல்கள் விரவிக் கிடக்கின்றன. கடலில் ஆபத்தில் சிக்கும் கப்பல்களும் படகுகளும் உலகெங்கும் உதவி கேட்டு அழைக்கும் 156.8 மெகாஹெர்ட்ஸும் இதற்குள்தான் வருகிறது. கடற்கரைச் சுற்றுலாவில் இரு நண்பர்கள் 'நீ எங்கே இருக்கிறாய்' என்று விளையாட்டாகப் பேசிக்கொண்டிருக்கும் அதே அதிர்வெண்ணில் ஒரு படகோட்டி உதவிக்கு அழைத்துக்கொண்டிருக்கலாம். ஒரே நேரத்தில் இருவர் ஒலிபரப்பினால் வலுவான குரல் மட்டுமே கேட்கும். வானலைக் கருவிகளில் அரசு காட்டும் கண்டிப்புக்குத் தேசப் பாதுகாப்பு ஒரு காரணம் எனில், இது மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்தைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

பத்து கிலோமீட்டர் என்ற கதை

விற்பனைப் பக்கங்களில் பெரிய எழுத்தில் மின்னுவது தூரம். '10 கி.மீ. வரை', '15 கி.மீ. வரை' என்ற வாசகங்களை நம்பி அதிக ஆற்றல் கொண்ட கருவியைத் தேடிச் செல்வதே, பலரை உரிமம் தேவைப்படும் வகைக்குள் கொண்டு போய்ச் சேர்க்கிறது. அப்படித் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை என்பதை எளிய கணக்கிலேயே காட்டலாம்.

இந்த அதிர்வெண்களில் வானலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்கிறது. பூமியோ வளைந்திருக்கிறது. சமதரையில் நிற்கும் இருவர் ஒன்றரை மீட்டர் உயரத்தில் கருவியைப் பிடித்துப் பேசினால், பூமியின் வளைவு அனுமதிக்கும் தூரமே ஏறத்தாழ 10 கி.மீ.தான். அதுவும் நடுவில் மரமோ, கட்டடமோ, மேடோ இல்லாத வெட்டவெளியில். நகருக்குள் இது ஓரிரு கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். கான்கிரீட் சுவர்களுக்குள் சில மாடிகளைத் தாண்டுவதே பாடு. அதே இருவரில் ஒருவர் 100 மீட்டர் உயரக் குன்றின் மீது ஏறி நின்றால், அந்த எல்லை 45 கி.மீ.யைத் தாண்டுகிறது. கருவி மாறவில்லை, பேட்டரி மாறவில்லை. நின்ற இடம் மட்டுமே மாறியது.

ஆற்றலைப் பத்து மடங்கு கூட்டினாலும் தடையற்ற வெளியில் கிடைக்கும் தூரம் ஏறத்தாழ மூன்று மடங்குதான். மலை குறுக்கே நின்றால் அந்த ஆதாயமும் பெரிதாக உதவாது. பேட்டரி மட்டும் விரைவில் தீரும். ஆகவே மலையேற்றக் குழுவினருக்குச் சொல்லக்கூடிய அறிவுரை சிக்கனமானது: அரை வாட் கருவி போதும், பேச வேண்டிய நேரத்தில் பள்ளத்திலிருந்து சற்று மேலேறி நில்லுங்கள், ஆன்டெனாவைச் செங்குத்தாகப் பிடியுங்கள், கருவியை உடலோடு அணைத்துப் பிடிக்காதீர்கள். பேச்சு விசையை அழுத்தியவுடன் பேசத் தொடங்குவதும் பரவலான பழக்கம். அதனால் முதல் சொல் எப்போதும் வெட்டுப்படும். ஒரு நொடி பொறுத்துப் பேசினால் 'என்ன, என்ன' என்ற கேள்வி பாதியாகக் குறையும்.

யாருக்கு எது?

இரண்டு கார்களில் செல்லும் குடும்பம், திருமண மண்டபத்தில் ஓடியாடும் உறவினர்கள், ஒரே பாதையில் நடக்கும் சிறு மலையேற்றக் குழு ஆகியோருக்கு 446 மெகாஹெர்ட்ஸ் கருவியே போதுமானது.

மோட்டார் சைக்கிள் குழுக்களுக்கு வாக்கி-டாக்கி உண்மையில் உகந்தது அன்று. ஓட்டும்போது ஒரு கையை எடுத்து விசையை அழுத்துவது ஆபத்து. தலைக்கவசத்தில் பொருத்தும் இன்டர்காம் கருவிகள் புளூடூத்தைப் போலவே 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. அந்தப் பட்டை இந்தியாவில் நெடுங்காலமாகவே உரிமம் தேவையற்றது. தூரம் குறைவு, விலை அதிகம். ஆனால் இரு கைகளும் கைப்பிடியிலேயே இருக்கும்.

தொழில்நுட்ப ஆர்வம் கொண்ட இளைஞர்களிடையே அண்மைக்காலமாகப் பரவிவரும் இன்னொன்று, 'லோரா' தொழில்நுட்பத்தில் இயங்கும் மெஷ்டாஸ்டிக் என்ற கட்டற்ற மென்பொருள். உள்ளங்கை அளவுப் பலகை ஒன்றில் இதை நிறுவிக் கைப்பேசியுடன் இணைத்தால், கோபுரமும் சிம் அட்டையும் இல்லாமல் குறுஞ்செய்தி அனுப்பலாம். ஒரு கருவியின் செய்தியை அடுத்த கருவி வாங்கி அதற்கடுத்ததற்குக் கடத்தும். பேச முடியாது, எழுத்து மட்டுமே. இதற்கும் அதே மெகாஹெர்ட்ஸ் கேள்வியைக் கேட்க வேண்டும். இந்தியாவில் இத்தகைய கருவிகளுக்கு ஏற்ற உரிமமற்ற பட்டை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அமெரிக்கச் சந்தைக்கான 915 மெகாஹெர்ட்ஸ் பலகையை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டு, பின்னர் ஆன்டெனா பொருந்தவில்லை என வருந்துவோர் உண்டு. 868 என்று குறிக்கப்பட்ட பலகையை வாங்கி, மென்பொருளில் நாட்டின் பெயரை இந்தியா எனத் தேர்ந்தெடுப்பதே சரியான முறை.

பாதுகாப்பு நிறுவனங்கள், கட்டுமானத் தளங்கள், பெரிய சுற்றுலா நிறுவனங்கள் ஆகியவை வேறு வகையைச் சேர்ந்தவை. தொழிலுக்காகக் கூடுதல் ஆற்றலும் தனிச் சேனலும் தேவைப்பட்டால், தொலைத்தொடர்புத் துறையிடம் சொந்தப் பயன்பாட்டுக்கான அதிர்வெண் ஒதுக்கீடும் உரிமமும் பெற்றாக வேண்டும்.

செயற்கைக்கோள் கருவிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். வெளிநாட்டு மலையேற்ற நூல்களிலும் காணொளிகளிலும் 'உயிர் காக்கும் கருவி' எனப் பரிந்துரைக்கப்படும் செயற்கைக்கோள் தகவல் கருவிகளை முன்அனுமதி இன்றி இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். செயற்கைக்கோள் தொலைபேசிகளுக்கும் இதுவே விதி. 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இத்தகைய கருவியுடன் வந்த வெளிநாட்டுப் பயணி தடுத்து நிறுத்தப்பட்டது உலகெங்கும் மலையேறிகளிடையே பேசப்பட்டது. தம் நாட்டில் கடையில் வாங்கிய பொருள் இங்கே காவல் நிலையம் வரை கொண்டு செல்லும் என அவர்கள் எதிர்பார்ப்பதில்லை. மலையில் உயிரைக் காக்கக்கூடிய ஒரு கருவிக்கு எளிய அனுமதி வழிமுறை ஒன்று வேண்டும் என்ற அவர்களது வாதத்தில் நியாயம் இருக்கிறது. எனினும் விதி மாறும் வரை, வெளிநாட்டிலிருந்து வரும் நண்பரிடம் 'அதை எடுத்து வராதே' என்று சொல்வதே அவருக்குச் செய்யும் உதவி.

உரிமம் பெற்றுப் பேசுவோர்

'எனக்கு அரை வாட் போதாது, நாட்டின் மறுகோடியில் உள்ளவரோடு என் சொந்தக் கருவியில் பேச வேண்டும்' என்று ஆசைப்படுபவருக்கு நூறாண்டு கண்ட ஒரு வழி திறந்தே இருக்கிறது. அமெச்சூர் வானொலி அல்லது ஹாம் வானொலி என அழைக்கப்படும் பொழுதுபோக்கு அது. தமிழில் 'அமெச்சூர்' என்றவுடன் சபாக்களில் நாடகம் போடும் குழுக்கள் நினைவுக்கு வரலாம். பொருள் ஏறத்தாழ அதேதான். காசுக்காக அன்றி ஆர்வத்துக்காகச் செய்வது. இதில் வணிகச் செய்தி பேசக் கூடாது, யாருக்கும் கட்டணச் சேவை அளிக்கக் கூடாது. பேசுவதை மறையாக்கம் செய்து ஒளிக்கவும் கூடாது.

இந்தியாவில் முதல் உரிமம் 1921-இல் வழங்கப்பட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. இப்போதைய நடைமுறையில் 12 வயது நிறைந்த எவரும் தேர்வு எழுதலாம். அடிப்படை மின்னணுவியல், வானொலி இயங்கும் விதம், விதிமுறைகள் ஆகியவற்றிலிருந்து வினாக்கள் வரும். பள்ளி இயற்பியலை மறக்காதவர்களுக்குச் சில வார உழைப்பு போதும். இரு நிலைகள் உள்ளன. வரையறுக்கப்பட்ட நிலைக்கு மோர்ஸ் குறியீடு தேவையில்லை. பொது நிலைக்கு அது தேவை. முதல் நிலையினர் 50 வாட் வரையிலும், பொது நிலையினர் 400 வாட் வரையிலும் ஒலிபரப்பலாம். 20 ஆண்டு உரிமத்துக்கு 1,000 ரூபாயும் வாழ்நாள் உரிமத்துக்கு 2,000 ரூபாயும் கட்டணமாக இருந்து வருகிறது. தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பதாரரின் பின்னணி சரிபார்க்கப்படும் என்பதால் உரிமம் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகலாம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ்ப் பழைய விதிகள் ஒவ்வொன்றாகத் திருத்தி எழுதப்பட்டு வருவதால், விண்ணப்பிக்கும் நாளில் கட்டணத்தையும் நிபந்தனையையும் அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

உரிமம் பெற்றவருக்கு 'விக்டர் யூனிஃபார்ம்' என்ற இரு எழுத்துகளில் தொடங்கும் தனி அழைப்புக் குறி கிடைக்கும். முன்பு குறிப்பிட்ட சீனக் கைக்கருவியை 144 முதல் 146 வரையிலும் 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் அவர் முறைப்படி பயன்படுத்தலாம். அதைத் தாண்டி 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த பட்டைகளுக்கு இறங்கினால் விளையாட்டே மாறிவிடுகிறது. அந்த அலைகள் வளிமண்டலத்தின் உச்சியில் உள்ள மின்னூட்டம் பெற்ற அடுக்கில் பட்டுத் திரும்பி, பூமியின் வளைவைத் தாண்டிப் பல நூறு, சில வேளைகளில் பல ஆயிரம் கிலோமீட்டர் செல்கின்றன. இடையில் கோபுரம் இல்லை, கேபிள் இல்லை, மாதக் கட்டணமும் இல்லை.

இடையில் எதுவும் இல்லை என்பதன் பொருள் 2004 டிசம்பரில் அந்தமானில் தெரியவந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு, அப்போது போர்ட் பிளேர் என்றும் இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்றும் அழைக்கப்படும் நகரில் முகாமிட்டிருந்தது. அது முழுக்கப் பொழுதுபோக்குப் பயணம். அந்தமானில் இருந்து ஹாம் ஒலிபரப்பு அரிது என்பதால், உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அந்தத் தீவோடு ஒரு முறையேனும் பேசிப் பதிவு செய்துகொள்ளக் காத்திருந்தனர். டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கியது. சுனாமி கரையேறியது. தொலைபேசி இணைப்புகள் அறுந்தன. முந்தைய நாள் வரை பொழுதுபோக்குக்காகப் பேசிக்கொண்டிருந்த அதே கருவிகள், தீவுகளில் இருந்து தாய்நாட்டுக்குச் செய்தி கடத்தும் இணைப்பாக மாறின. இன்னார் உயிரோடு இருக்கிறார் என்ற ஒற்றை வரிக்காக நாடெங்கும் குடும்பங்கள் காத்திருந்த நாள்கள் அவை.

1999 ஒடிசா பெரும்புயல், 2001 குஜராத் நிலநடுக்கம், 2018 கேரள வெள்ளம் ஆகியவற்றிலும் ஹாம்கள் களத்தில் இருந்தனர். பேரிடர் இல்லாத காலத்திலும் வேலை உண்டு. ஆண்டுதோறும் ஜனவரியில் மேற்கு வங்கத்தின் கங்காசாகர் மேளாவில் கூட்டத்தில் தொலைந்துபோகும் முதியவர்களை உறவினரிடம் சேர்க்கும் பணியை மேற்கு வங்க வானொலிக் கழகத்தினர் செய்து வருகின்றனர். மொழி தெரியாத ஊரில் பெயரை மட்டுமே சொல்லத் தெரிந்த ஒரு மூதாட்டியின் ஊரைக் கண்டுபிடிக்க, நாட்டின் பல மாநிலங்களிலும் பரவியுள்ள ஹாம் நண்பர்களின் தொடர்பு கைகொடுக்கிறது.

இந்தப் பொழுதுபோக்குக்கு என்றே இஸ்ரோ செயற்கைக்கோள் ஒன்றையும் அனுப்பியது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கார்ட்டோசாட்-1 உடன் ஏவப்பட்ட 42.5 கிலோ எடை கொண்ட ஹாம்சாட், 2014 வரை உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் குரல்களைக் கடத்தியது. 2025 ஜூலையில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த சுபான்ஷு சுக்லா இந்திய மாணவர்களுடன் பேசியதும் ஹாம் வானொலி வழியாகத்தான்.

ஆர்வம் இருப்பவர்கள் கருவியை முதலில் வாங்கிவிட்டுத் தேர்வுக்குப் படிப்பதைத் தவிர்ப்பது நல்லது. உரிமம் வரும் வரை அதை வைத்திருப்பதே சட்டச் சிக்கல். அருகில் உள்ள ஹாம் கழகத்துக்குச் சென்று, உரிமம் பெற்றவர்கள் பேசுவதை ஒரு மாலை உட்கார்ந்து கேட்டால், எந்தக் கருவி தமக்குத் தேவை என்பதில் பாதித் தெளிவு வந்துவிடும். முதல் ஆண்டில் கருவியைவிட ஆன்டெனாவுக்கும் அதன் கம்பிக்கும் கூடுதலாகச் செலவிடுங்கள் என்பது இத்துறையில் பழகியவர்கள் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை. மேலே சொன்ன குன்றுக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே வாக்கி-டாக்கி வாங்கிவிட்டவர்கள் பேட்டரியைக் கழற்றி, உள்ளே ஒட்டப்பட்டுள்ள சீட்டில் அதிர்வெண்ணைப் பார்க்கலாம். பல கருவிகளில் அது அங்கேதான் அச்சிடப்பட்டிருக்கும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸுக்குள் இருந்தால், விற்பனையாளரிடம் இடிஏ சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது போதும். வேறு எண் இருந்தால், அல்லது எண்ணே இல்லாவிட்டால், பேச்சு விசையை அழுத்தாமல் கருவியைத் திருப்பி அனுப்புவதே உசிதம். 'உரிமம் தேவையில்லை' என்று சொல்லி விற்றுவிட்டுத் திரும்பப் பெற மறுக்கும் விற்பனையாளர் மீது தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்யலாம். விற்பனைப் பக்கத்தின் படத்தை அதற்கு முன்பே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். புகார் சென்ற பின் அந்தப் பக்கம் மாறிவிடவோ மறைந்துவிடவோ கூடும்.